டிக்கா, டொக்கா, சிக்கா?

"என்ன சத்தம் சார்? வாயால சொல்லுங்க" என்றார் சர்வீஸ் சென்டர் பையன். ஏசி ஹால், பளபளக்கும் தரை, சோபாவில் காபி குடித்துக்கொண்டு பத்துப் பேர். நான் குரலைத் தாழ்த்தி "டிக்... டிக்... டிக்..." என்றேன்.

"கொஞ்சம் சத்தமா சார்."

"டிக் டிக் டிக் டிக்!"

சோபாவில் இருந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. பையன் சிரிக்காமல் டேப்லெட்டில் தட்டிக்கொண்டான். பிறகு பானெட்டைத் திறந்து கேட்டார்கள். பக்கத்து காரில் ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் வீல் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் என் எஞ்சினுக்குள் அணுகுண்டு வெடித்திருந்தாலும் கேட்டிருக்காது. "இப்ப வரலையே சார். எதுக்கும் எஞ்சின் ஹெட்டை இறக்கிப் பார்த்துடலாம்" என்று ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள். 28,400 ரூபாய். அதில் முதல் வரி: கஸ்டமர் டிக் டிக் என்கிறார்.

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டியின் இன்றைய விலையே அதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் அதிகம்.

2009 மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, உங்கள் தெருவிலும் ஒன்று நிற்கும். இதுவரை பெரிய தொல்லை கொடுத்ததில்லை. சின்ன வேலைகளை நானே பார்த்துவிடுவேன். ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடி எல்லாம் என் பொறுப்பு. கார்த்திகை மாதம் ஸ்பார்க் பிளக் மூன்றையும் வீடியோ பார்த்து நானே மாற்றினேன். கூலி 150 ரூபாய் மிச்சம். அதை வீட்டில் ஒரு நான்கைந்து முறை சொல்லியிருப்பேன்.

பொங்கல் கழிந்த வாரம்தான் சத்தம் ஆரம்பித்தது. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது மெல்லிசாக, ஆக்சிலேட்டரை அழுத்தினால் வேகமாக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் கல்யாணம். திருச்சியிலிருந்து தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டர். மனைவி, மகள், மாமனார், மாமியார், சீர்வரிசைத் தட்டு, மகளின் மிருதங்கம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கல்யாணத்துக்கு மிருதங்கம் எதற்கு என்று கேட்காதீர்கள், நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் ஆலோசனை அடுக்ககத்தின் செக்யூரிட்டி அண்ணனிடமிருந்து வந்தது. "எலி சார்." எலி எப்படி டிக் டிக் என்று சீராக அடிக்கும் என்றேன். "பழகிடுச்சு போல" என்றார். இரண்டாவது மாடி சார், "ஆயில் குறைஞ்சிருக்கும், பாருங்க" என்றார். இது நியாயமான பேச்சு. ஆயில் குறைந்தால் முதலில் முனகுவது எஞ்சினின் தலைப்பகுதிதான். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் சமத்தாக நின்றது. "அப்ப கெட்டியான ஆயில் ஊத்துங்க, சத்தம் அமுங்கிடும்" என்றார். குழந்தை அழுதால் வாயைப் பொத்துகிற வைத்தியம். கும்பிட்டு விலகினேன்.

அப்புறம் மாமா. என் மாமனார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டிய இடம் அது. அந்தப் பெருமையில் பாதி அவருடையது. அந்தக் காலத்தில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் நல்ல சக்கரம், சப்பென்றால் விரிசல். "காதுதான் மாப்பிள்ளை முதல் கருவி" என்பார். அந்தக் காதில் இரண்டு வருடமாக மெஷின் மாட்டியிருக்கிறார் என்பதை நான் எந்த இடத்திலும் சொல்வதில்லை.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கேட்டார். காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். இதில் மந்திரம் எதுவும் இல்லை. சத்தம் இரும்பு வழியாக ஏறி எலும்பு வழியாக உள்ளே போகும், மெக்கானிக்குகளின் ஸ்டெதாஸ்கோப் இதுதான். ஓடுகிற பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு: மெஷினைக் கழற்றிவிட்டதால் நாங்கள் கேட்ட எந்தக் கேள்வியும் அவருக்கு விழவில்லை.

"மாமா, எங்கேருந்து வருது?"

பதில் இல்லை.

"மாமா!"

"காபி அப்புறம் குடிச்சுக்கறேன்" என்றார்.

ஐந்து நிமிடம் கழித்துக் கண் திறந்தார். "மேல் பக்கம்தான். டாப்பெட்." தீர்ப்பு வழங்கப்பட்டது. வால்வைத் தள்ளும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள், இரண்டு மூன்று தலைமுடி கனம்தான் இருக்கும். தேய்மானத்தில் அது கூடினால் ஒவ்வொரு முறையும் உலோகம் உலோகத்தைச் சுண்டும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் தீர்ந்தது. நம்பும்படிதான் இருந்தது.

இந்த இடத்தில் என் மகள் வந்தாள். எட்டாம் வகுப்பு, நான்கு வருடமாக மிருதங்கம் கற்கிறாள். போனில் சத்தத்தைப் பதிவு செய்து, கால் வேகத்தில் ஓடவிட்டாள். தொடையில் தாளம் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அப்பா, இது திஸ்ரம், மூணு மூணா விழுது. தகிட தகிட தகிட. அதுல 'த' மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்பா விழுது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எஞ்சினில் சிலிண்டர் மூன்று! வரிசையாக வெடிக்கும் மூன்றில் ஒன்று மட்டும் முறைக்கிறது. கணக்கும் ஒத்து வந்தது. ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 400. மகள் எண்ணியதும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. "அப்ப ஏதோ ஒரு சிலிண்டர்ல பிரச்சினை மாமா, டாப்பெட் இல்ல" என்றேன். மெஷினை மாட்டியிருந்தார் போல. "வால்வைத் திறக்கற கேம் ஷாஃப்டும் பாதி வேகத்துலதான் சுத்தும் மாப்பிள்ளை. டாப்பெட்டும் 400தான் அடிக்கும்" என்றார் அமைதியாக. முப்பத்துநான்கு வருடம் சும்மா இல்லை.

சனிக்கிழமை காலை பாலக்கரைப் பக்கம் ஒரு பாயின் ஷெட்டுக்குப் போனோம். மாமா வரவில்லை; தீர்ப்பு சொன்ன பிறகு நீதிபதி எதற்கு வர வேண்டும்? மகள் வந்தாள், நோயாளியின் கூட வரும் சொந்தக்காரர் மாதிரி போனை ஏந்திக்கொண்டு.

பாயும் முதலில் அதையேதான் கேட்டார். "என்ன சத்தம் சார்?"

"டிக் டிக்."

"நிச்சயமா டிக் டிக்கா?"

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பாடம் எடுத்தார். டிக் டிக் என்றால் டாப்பெட், இல்லாவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். இன்ஜெக்டர் டிக் டிக் என்றால் நல்ல உடம்பின் நாடித்துடிப்பு, பயப்பட வேண்டாம். டொக் டொக் என்று அடிவயிற்றிலிருந்து வந்தால் பேரிங், உடனே எஞ்சினை அணைத்து வண்டியைக் கட்டி இழுத்து வர வேண்டும். கிரீச் என்றால் பெல்ட். மேடு ஏறும்போது கிண்கிண் என்று மணி அடித்தால் நாக்கிங், அதாவது உள்ளே பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் பட்பட்டென்று வந்து, சூடானதும் அடங்கினால் சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருக்கும்; இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். எஞ்சின் நின்ற பிறகும் டிக், டிக் என்று ஆடி அசைந்து வந்தால் அது வெறும் இரும்பு ஆறும் சத்தம். வண்டி உருண்டால் மட்டும் வந்தால் டயர் பள்ளத்தில் சரளைக்கல். "அதுக்கே எஞ்சினைப் பிரிச்சவங்க இருக்காங்க சார்."

இரட்டைக்கிளவியைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தோம். பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். எஞ்சினும் அப்படித்தான், பிரித்தால் பில்தான் தரும்.

"அங்கிள், இது டிக் இல்ல" என்றாள் மகள். தலையைப் பானெட்டுக்குள் நீட்டியிருந்தாள், ஜடையைப் பின்னால் பிடித்துக்கொண்டு. "ஆரம்பத்துல 'டி' வரல. 'சி'தான் வருது. சிட், சிட், சிட். முடியறப்ப மட்டும்தான் கட்டையா இருக்கு."

மிருதங்க வகுப்பில் முதலில் வாயால்தான் சொல்லப் பழக்குவார்கள், கை அப்புறம்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு எழுத்து. 'தி' சொல்ல வேண்டிய இடத்தில் 'த' சொன்னால் வாத்தியார் பார்க்கும் பார்வை எனக்கும் தெரியும், மூலையில் காத்திருக்கும் அப்பாக்கள் மீதும் அது விழும்.

பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "அரிஸ்டோ மேம்பாலம் ஏறும்போது சத்தம் கூடுதா சார்?"

கூடியது. இறங்கும்போது குறைந்தது. இதை நான் கவனித்திருந்தும் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை என்பதால்.

"அப்ப டாப்பெட் இல்ல. டாப்பெட்டுக்கு மேடும் ஒண்ணுதான், பள்ளமும் ஒண்ணுதான். இது காத்து."

ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. ஒரு முழ நீளப் பெட்ரோல் டியூபை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை எஞ்சின் மேல் அங்கங்கே நீட்டினார். இரும்பில் அடிக்கும் சத்தத்துக்குக் கம்பி, கசியும் காற்றுக்குக் குழாய். மாமா கேட்டது சரியான இடம், எடுத்ததுதான் தப்பான கருவி. வால்வும் மேலே, பிளக்கும் மேலே.

பிளக் என்று எழுதிவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆயில் கேனிலிருந்து இரண்டு சொட்டை நடு சிலிண்டரின் பிளக் அடியில் விட்டார். பஞ்சர் கடைத் தொட்டியில் டியூபை அமுக்கியதுபோல் முட்டை முட்டையாகக் கிளம்பியது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, சாக்கெட்டை எடுக்கப் போனவர் எடுக்காமலே திரும்பி வந்தார். இரண்டு விரலால் பிளக்கைத் திருகினார். அது ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி சுலபமாகக் கழன்று வந்தது. மரையெல்லாம் கரி. உள்ளே அமுங்கி வெடிக்க வேண்டியது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இந்த வழியாகச் சீறி வெளியே போயிருக்கிறது.

"யார் சார் இந்த பிளக்கைப் போட்டது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த டயர் காலண்டரைப் பார்த்தேன்.

"அது... வேற ஒரு மெக்கானிக் பாய்."

நடந்தது இதுதான். அந்த வீடியோக்காரர், எஞ்சின் ஹெட் அலுமினியம், பிளக்கை ஓவராக முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் எஞ்சினே காலி என்று மூன்று தடவை பயமுறுத்தியிருந்தார். நான் பயந்து, கையால் திருகி, ஸ்பேனரால் சும்மா ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விட்டேன். பாய் செய்து காட்டினார்: புது பிளக்கென்றால் வாஷர் உட்காரும்வரை கையால், பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்றுக்குக் குறையாமல். அப்போதுதான் வாஷர் நசுங்கி அடைக்கும். பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்குவதும் அந்தப் பிடிப்பு வழியாகத்தான். லூசாக இருந்தால் பிளக் தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

"நல்லவேளை, கும்பகோணம் ரோட்டுல தெறிச்சு வெளியே வரல. விவரம் இல்லாத ஆளு சார். இனிமே அவன்கிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க."

"கொடுக்க மாட்டேன் பாய்."

"காசு எவ்ளோ வாங்கினான்?"

"150" என்றாள் மகள், எனக்கு முன்னால்.

"இதுக்கு 150 வேறயா!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். புது பிளக் ஒன்று, மற்ற இரண்டையும் இறுக்கிய கூலி, எல்லாம் சேர்த்து 250 ரூபாய். எஞ்சினைப் போட்டதும் தகிட தகிட என்று மூன்று எழுத்தும் சமமாக விழுந்தன.

வரும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே மகள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "அப்பா, அந்த வேற மெக்கானிக் பேரு என்ன? அம்மா கேட்டா சொல்லணும்ல." அருகில் ஐஸ்கிரீம் கடை இருந்தது. பேச்சுவார்த்தை இரண்டே நிமிடத்தில் முடிந்தது.

வீட்டில் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். "டாப்பெட்தானே?"

அந்த முகத்தைப் பார்த்து வேறு எதையும் சொல்ல முடியவில்லை. "ஆமா மாமா. டாப்பெட்தான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் கல்யாணப் பந்தியில் மாமா எனக்கு நேரெதிர் வரிசை. இரண்டு பக்கத்து இலைக்காரர்களுக்கும் ஸ்க்ரூ டிரைவர் கதை நடந்துகொண்டிருந்தது. "கம்பெனிக்காரன் முப்பதாயிரம் கேட்டான், நான் காதை வெச்சே சொல்லிட்டேன், டாப்பெட்டுன்னு. மாப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்க!" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயசத்தை உறிஞ்சியபடி தலையாட்டினேன். பக்கத்து இலையிலிருந்து மகள் ஒன்றும் பேசாமல் இரண்டு விரலைக் காட்டினாள். பந்தி முடிந்ததும் இரண்டு ஐஸ்கிரீம் என்று அர்த்தம்.