டிங்கியும் பதினோராம் பாடமும்

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் உயிரியலில் நான்காம் படிவத்து 11ஆம் பாடம் நோய் எதிர்ப்பாற்றல். கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. 'ஆன்டிபாடி கிருமியைத் தின்றுவிடும்' என்று சோதனைத் தேர்வில் எழுதிப் புள்ளிகளைக் கோட்டைவிட்டவன் நான். பெயர்களெல்லாம் மனப்பாடம், யாருக்கு என்ன வேலை என்பதுதான் தெரியாது.

அப்புறம் தமிழில் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். தேர்வு மலாயில்தான். ஆனால் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அடுப்படியில், ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அம்மாவுக்குப் புரிய வைக்க முடியாததைத் தேர்விலும் என்னால் எழுத முடிந்ததில்லை.

"நம்ம ஆளு யாரு, வெளியாளு யாருன்னு உடம்புக்கு எப்படிடா தெரியும்?" என்றார். பாடமே அந்தக் கேள்விதான்.

டி செல், பி செல் இரண்டுமே வெள்ளை இரத்த அணுக்கள். டி செல்கள் தைமஸ் சுரப்பியில் முதிரும்போதே, சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே கழிக்கப்பட்டுவிடும். மிஞ்சியவைதான் வெளியே காவலுக்கு வருகின்றன. கிருமி நுழைந்தால் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் அதை விழுங்கி, ஒரு துண்டை மட்டும் தன் மேல் வைத்துக் காட்டும். இராத்திரி திருடனைப் பிடித்த ஜாகா (காவலாளி), காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் அவன் சட்டைக் கிழிசலைத் தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் நீட்டுவதுபோல. மண்டோர்தான் உதவி டி செல். பி செல்களோ எக்கச்சக்கம், ஒவ்வொன்றின் ஏற்பியும் ஒவ்வொரு வடிவம். தீமிதியன்று கோயில் வாசலில் குவிந்த செருப்புகளில் நம் காலுக்குச் சேருவது ஒரு ஜோடிதானே? அப்படி ஆன்டிஜெனுக்கு, அதாவது கிருமியின் அடையாளத் துண்டுக்கு, சேர்ந்த பி செல், மண்டோர் குரல் கொடுத்ததும் பெருகும். பல பிளாஸ்மா செல்லாகி ஆன்டிபாடி சுரக்கும். சில, அதே கிருமி மறுபடி வந்தால் அடையாளம் காண, நினைவு செல்லாகத் தங்கிவிடும்.

ஆன்டிபாடி எதையும் தின்பதில்லை. கிருமியில் ஒட்டும், முடக்கும், கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கட்டும், தின்ன வருபவனுக்கு அடையாளம் காட்டும். வினைச்சொல்லைச் சரியாக எழுதுங்கள், புள்ளி அதில்தான் இருக்கிறது.

இரத்தத்தில் ஆன்டிபாடி அளவைக் கோடாகக் காட்டும் வரைபடக் கேள்விக்கு நாகப்பாம்பை நினைத்துக்கொள்வேன். செம்பனைக் காட்டில் கடிபட்டவருக்குப் போடும் விஷமுறிவு மருந்து, பெரும்பாலும் குதிரையின் உடலில் உருவான ஆன்டிபாடி. கோடு சட்டென்று உயரும், பிறகு இறங்கிவிடும், நினைவு செல் மிஞ்சாது. தடுப்பூசிக் கோடு முதல் ஊசிக்கு மெல்ல ஏறும். இரண்டாவது ஊசிக்கு விறுவிறுவென்று, இன்னும் உயரத்துக்கு.

எல்லாம் சரி என்று இருந்தபோது அண்ணனுக்கு இரண்டாவது தடவை டிங்கி (டெங்கு) காய்ச்சல் வந்தது. "நினைவு செல்லுன்னு என்னமோ சொன்னியே?" என்றார் அம்மா. முழித்தேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, டிங்கி வைரஸில் 4 வகை. ஒரு வகைக்கு உருவான ஆன்டிபாடி இன்னொரு வகையில் அரைகுறையாக ஒட்டி, அது செல்லுக்குள் நுழையவே வழி செய்துவிடலாம். அதனால்தான் இரண்டாம் முறை கடுமையாகும் ஆபத்து அதிகம். தேர்வுக்கு இவ்வளவு தேவையில்லைதான். ஆனால் ஓர் ஆன்டிபாடி தனக்குரிய ஆன்டிஜெனுக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும் என்பதைச் சொல்லும் 'தனித்தன்மை' என்ற சொல் அதற்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை.

இப்போதும் கொசுப்புகை அடிக்கும் வண்டி எங்கள் தோட்ட வீட்டு வரிசையான லயத்துக்குள் நுழைந்தால் அம்மா கேட்பார், "இது எந்த வகைடா?"