மாம்பலத்து ஃப்ளாட், டொராண்டோ டிக்கெட்

2025 ஜூன் 8, ஞாயிறு

வேலைக்காக டொராண்டோ போவதால் மேற்கு மாம்பலம் ஃப்ளாட்டை விற்பது முடிவாகிவிட்டது. விலை, புரோக்கர் எல்லாம் அப்புறம். முதலில் டிக்கெட் தேதி.

வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாளாவது இங்கே இருந்தால்தான் வருமான வரிக் கணக்கில் உள்நாட்டுக்காரர். ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் 182-வது நாள் செப்டம்பர் 29. அதற்கு முன்னால் விமானம் ஏறினால் நிதியாண்டு முழுக்க என்.ஆர்.ஐ. ஜூனிலேயே, சென்னையில் இருந்தபடியே விற்றிருந்தாலும் அப்படித்தான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டுக்காரர் என்றால் வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வரி (டி.டி.எஸ்.) 1 சதவீதம், அதாவது 80,000 ரூபாய். என்.ஆர்.ஐ. என்றால் 12.5 சதவீத மூலதன ஆதாய வரியோடு சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் சேர்ந்து 14.3 சதவீதம்: 11.44 லட்சம். நடைமுறையில் அதை லாபத்தின் மேல் அல்ல, மொத்த விலையின் மேல் பிடிக்கிறார்கள். குறைத்துப் பிடிக்கச் சான்றிதழ் கேட்டுப் படிவம் 13 போடலாம். கைக்கு வர வாரங்கள் ஆகும். வாங்குபவரும் வரி பிடிப்பவருக்கான டான் எண் எடுத்து, 27க்யூ என்ற டி.டி.எஸ். கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே நல்ல பார்ட்டிகள் ஒதுங்கிவிடுவார்கள்.

ஆகவே பயணம் அக்டோபர் இரண்டாம் வாரம்.

ஜூன் 22, ஞாயிறு

ஃபைலைத் திறந்து பார்த்தாயிற்று. தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், மனையில் நமக்குள்ள பிரிபடாத பாகத்தின் அளவு, அப்ரூவ்டு பிளான், சொத்துவரி ரசீது, மெட்ரோ வாட்டர் ரசீது, அசோசியேஷனிடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் வீட்டுக்கடனில். கடனை அடைத்தால் மட்டும் போதாது. பத்திரங்களை ஒப்படைத்து கடன் வாங்கியபோது பதிவான எம்.ஓ.டி. (பத்திர ஒப்படைப்பு ஆவணம்) வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். வங்கி அதிகாரி பத்திர ஆபீசுக்கு வந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிந்தால்தான் அது நேராகும். அதிகாரியின் தேதியும் டோக்கனும் ஒத்துவருவதற்குள் நாள் ஓடிவிடும் என்பதால் கடனை இப்போதே அடைப்பது நல்லது. ஃப்ளோட்டிங் வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம் கிடையாது. முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதத்துக்கு வங்கியே காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இதைக் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டுவிட்டால் வேலை வேகமாக நடக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

ஆனி முடிவதற்குள் அட்வான்ஸ் வாங்கிவிடவேண்டும். ஆடி பிறந்துவிட்டால் வீடு பார்க்கக்கூட ஆள் வராது. ஆனியில் பேச்சு, ஆவணியில் பதிவு என்பதுதான் நமக்குத் தோதான கணக்கு.

வாங்கிய விலையை இன்றைய மதிப்புக்கு உயர்த்திக் கணக்கிட உதவும் பணவீக்கக் குறியீட்டு எண் இந்த நிதியாண்டுக்கு 376 என்று அறிவித்துவிட்டார்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், உள்நாட்டுக்காரர் 12.5 சதவீதம், குறியீட்டோடு 20 சதவீதம் இரண்டையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். 2012-13-ல் (குறியீடு 200) 48 லட்சத்துக்கு வாங்கியது இன்றைய கணக்கில் 90.24 லட்சம். 80-க்கு விற்றால் வரியே இல்லை. என்.ஆர்.ஐ.க்கு இந்தச் சலுகை கிடையாது: 32 லட்சம் லாபத்தில் 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 4.16 லட்சம். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டதற்கு இது இரண்டாவது காரணம்.

அட்வான்ஸை ரொக்கமாக நீட்டுவார்கள். வேண்டாம். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் விற்பவர் மீதே அபராதமாகப் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. அட்வான்ஸிலும் 1 சதவீத டி.டி.எஸ். பிடிக்கவேண்டும் என்பதை வாங்குபவருக்கு அன்றே சொல்லிவிடவேண்டும். எந்த ஏ.சி., எந்த ஃபேன், எந்த கீசர் வீட்டோடு போகிறது என்பதையும் அக்ரிமென்டில் எழுதிவிடுவது உத்தமம். கடைசி வாரச் சண்டைகள் பெரும்பாலும் சுவிட்ச் போர்டுக்கு மேலே இருப்பவற்றைப் பற்றியவை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி மாதம் சாமான்களுக்கு. முதலில் கட்டில், சோபா, டைனிங் டேபிள். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கடைசி வாரம்.

ஸ்பிளிட் ஏ.சி.யைக் கழற்ற வரும் மெக்கானிக் பம்ப் டவுன் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். ஏ.சி.யை ஓடவிட்டு, முதலில் மெல்லிய குழாயின் வால்வை மூடி, கேஸ் முழுக்க அவுட்டோருக்குள் போன பிறகு தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே சுவிட்சை அணைக்கவேண்டும். அப்படியே கழற்றினால் கேஸ் காற்றில் போய்விடும். ரீஃபில் செலவை வாங்குபவர் விலையில் கழிப்பார். ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினைப் பின்பக்க டிரான்சிட் போல்ட் பூட்டாமல் ஏற்றினால் டிரம் ஆடி சஸ்பென்ஷன் கெடும். அந்த போல்ட்டை யாரும் பத்திரமாக வைப்பதில்லை. இப்போதே வாங்கி வைக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் போடவேண்டாம். பேட்டரி டீலரே ஈயத்தின் எடைக்கு விலை கொடுப்பார்.

கிரைண்டரை எடுத்துப்போகலாமா என்பது எல்லார் வீட்டிலும் வரும் கேள்வி. கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸியின் மோட்டார் ஹெர்ட்ஸைப் பொருட்படுத்தாது. ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும், அது மிக்ஸியைவிட கனம். கிரைண்டரின் இன்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றி, மாவைச் சூடாக்கும். இரண்டையும் இங்கே கொடுத்துவிட்டு 110 வோல்ட் மாடல் வாங்குவதே புத்தி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கார். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; கடன் இருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கப் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைக் கடிதமும். சாவியைக் கொடுத்தால் ஆயிற்று என்று இருந்துவிடக்கூடாது. ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விபத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் பழைய உரிமையாளர்தான். ஃபாஸ்டேக்கை அன்றே மூடவேண்டும். ஆர்.டி.ஓ.வில் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட் (லைசென்ஸ் விவரச் சான்று) வாங்கிக்கொள்ளவேண்டும். ஒன்டாரியோவில் பழைய அனுபவத்தைக் காட்டி, காத்திருக்காமல் முழு லைசென்ஸுக்கான ஜி டெஸ்டுக்குப் போக உதவும்.

செப்டம்பர் 11, வியாழன்

பதிவு முடிந்தது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் வாங்குபவர் பொறுப்பு. முகூர்த்த நாளைத் தவிர்த்தால் பத்திர ஆபீசில் மூச்சு விடலாம். பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று முன்பே பார்ப்பது அவசியம்; இணையாத பான் என்றால் டி.டி.எஸ். 20 சதவீதம்.

பிடித்த 1 சதவீத டி.டி.எஸ்.ஸை 26க்யூபி படிவத்தில் கட்ட வாங்குபவருக்கு அக்டோபர் 30 வரை நேரம் உண்டு. அதற்குள் விற்றவர் கனடாவில் இருப்பார். பேலன்ஸ் தொகை வந்த கையோடு, எதிரிலேயே கட்டச் சொல்லிவிடவேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் விற்றவரின் வரிக்கணக்கு அறிக்கையான 26ஏஎஸ்-ல் வராது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கேஸ்: சிலிண்டர், ரெகுலேட்டர், இணைப்பு வவுச்சர் மூன்றையும் ஏஜென்சியில் கொடுத்தால் டெபாசிட் திரும்பும். ஈ.பி., சொத்துவரி, மெட்ரோ வாட்டர் மூன்றிலும் பெயர் மாற்றத்துக்குக் கிரயப் பத்திர நகலோடு வாங்குபவர் மனுப் போடவேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பணத்தை அவசரப்பட்டு இப்போதே அனுப்பக்கூடாது. இங்கிருந்து, உள்நாட்டுக்காரர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டமான எல்.ஆர்.எஸ்.-ல் அனுப்பினால் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர்தான் உச்சம். அதிலும் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டுத்தான் மீட்கவேண்டும். அன்னியச் செலாவணிச் சட்டத்தில் இந்த 182 நாள் கணக்கு இல்லை, வேலைக்காகக் கிளம்பிய நாளிலிருந்தே என்.ஆர்.ஐ. போய்ச் சேர்ந்ததும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (என்.ஆர்.ஐ.க்கான ரூபாய்க் கணக்கு) மாற்றி, ஆடிட்டரின் 15சிபி சான்றோடு அனுப்பினால் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை போகலாம், டி.சி.எஸ். இல்லை.

கனடா கஸ்டம்ஸுக்கு இரண்டு பட்டியல்: கையோடு வருவது, பின்னால் கப்பலில் வருவது. இரண்டாவதை முதல் நாளே விமான நிலையத்தில் காட்டி முத்திரை வாங்காவிட்டால் கப்பல் சாமானுக்கு வரி விழலாம். நகைகளுக்குப் படமும் எடையும் மதிப்பும் சேர்த்து எழுதவேண்டும்.

சென்னை மொபைல் எண்ணை மூடவேண்டாம். வங்கி, வருமான வரி, ஆதார் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அதில்தான் வரும். கிளம்பும் முன் இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கேயே ஆன் செய்து, குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டுவிடவேண்டும்.