கேப்டன் எரிக்சனின் வரைபடங்கள்

ஜான் எரிக்சன் ஸ்வீடன் ராணுவத்தில் இருந்தது ஏழு வருடம் போலத்தான். ஒரு சண்டையைக்கூட அவர் பார்க்கவில்லை. ஸ்வீடன் கடைசியாகப் போரிட்ட 1814-இல் அவர் சின்னப் பையன். இருந்தாலும் சாகும்வரை அவர் கேப்டன் எரிக்சன்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மானிட்டர் என்ற இரும்புப் போர்க்கப்பலை வடிவமைத்தவர் என்று வரலாறு அவரை நினைவு வைத்திருக்கிறது. கப்பல் கட்டும் யார்டு ஒன்றில் வரைபடம் வரையும் டிராப்ட்ஸ்மேனாக இருக்கும் எனக்கோ, அவருடைய ராணுவ வருடங்கள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1803-இல், வேர்ம்லாந்து பகுதியின் சுரங்க ஊர் ஒன்றில். தொழிலில் நொடித்துப்போன அப்பாவுக்கு ஸ்வீடனின் யோத்தா கால்வாய் கட்டுமானத்தில் வேலை கிடைத்தது. கால்வாயை வெட்டியவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள். ஜானும் அவருக்கு ஒரு வயது மூத்த அண்ணன் நில்ஸும் அங்கேயே பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். பதினான்கு வயதில் ஜான் மட்டம் பார்க்கும் வேலையில் இருந்தார். கருவியின் கண்ணாடிக்கு உயரம் எட்டாததால் ஸ்டூல் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் கூடவே போவாராம்.

பதினேழு வயதில் ராணுவத்தில் சேர்ந்து, வடக்கே யெம்ட்லாந்து படைப்பிரிவுக்குப் போனார். அங்கே அவர் செய்தது நில அளவை. வரைந்து கொடுக்கும் அளவுக்கு ஏற்பக் கூலி. எரிக்சன் வரைந்த வேகத்துக்கு ஒரே ஆளுக்கு அவ்வளவு சம்பளம் கொடுத்தால் கேள்வி வரும் என்று, கணக்கில் அவரை இரண்டு பேராகக் காட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். தான் பார்த்த நிலத்தை, பார்க்காத ஒருவர் நம்பி நடக்கும்படி தாளில் இறக்குவது சாதாரண விஷயம் இல்லை. அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் அப்புறம் கால்வாய், கப்பல், பீரங்கி எதை வரைந்தாலும் அது கூடவே வரும்.

1826-இல் தன் வெப்ப எந்திரத்தோடு விடுப்பில் லண்டன் போனார். சொன்ன நாளில் திரும்பவில்லை. ராணுவச் சட்டப்படி அது பெரிய குற்றம். பட்டத்து இளவரசர் ஆஸ்கர் தலையிட்டதால் தப்பினார். 1827-இல் கேப்டன் பதவி கிடைத்தது, கையோடு ராஜினாமாவும் முடிந்தது. 1829-இல் ரெய்ன்ஹில் ரயில் எஞ்சின் போட்டிக்கு அவரும் ஆங்கிலேயப் பொறியாளர் பிரெய்த்வெய்ட்டும் சேர்ந்து கொண்டுவந்த நாவல்டி என்ற எஞ்சின் வேகத்தில் எல்லோரையும் அசத்தியது, ஆனால் குழாய் பழுதாகிப் பாதியில் நின்றது. பிறகு கப்பலைத் தள்ளும் திருகு உந்தி, அதாவது புரொப்பெல்லர். அதை ஆங்கிலேயக் கடற்படை கண்டுகொள்ளவில்லை. 1839-இல் அமெரிக்கா போய்விட்டார்.

அங்கே நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலை எரிக்சன் வடிவமைத்தார். அதில் இரண்டு பெரிய பீரங்கிகள். ஒன்று எரிக்சனுடையது, இரும்பு வளையங்கள் போட்டு இறுக்கப்பட்டது. மற்றொன்றைக் கப்பலின் தலைவர் ஸ்டாக்டன் வளையம் போடாமல் செய்ய வைத்தார். 1844 பிப்ரவரி 28 அன்று, ஜனாதிபதி டைலர் கப்பலில் இருந்தபோதே ஸ்டாக்டனின் பீரங்கி வெடித்தது. வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். பழியை எரிக்சன் பக்கம் தள்ளினார்கள், அவருக்குச் சேர வேண்டிய பணமும் வரவில்லை. பிழை வரைபடத்தில் இல்லை என்று நிரூபிக்க வரைந்தவனுக்கு வரைபடத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ஆனாலும் 1861-இல் அதே கடற்படைக்கு அவர் தேவைப்பட்டார். அக்டோபர் 4 அன்று ஒப்பந்தம், 1862 ஜனவரி 30 அன்று மானிட்டர் தண்ணீரில் இறங்கிவிட்டது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. கப்பல் உடல் ஒரு பட்டறையில், எஞ்சின் இன்னொன்றில், சுழலும் பீரங்கிக் கோபுரம் வேறொன்றில். ஒரு பாகத்துக்கு இரும்பு அடிக்கும்போதே அடுத்த பாகத்தை எரிக்சன் வரைந்துகொண்டிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்கள். எங்கள் ஆபீசில் ஒரு சிறிய இழுவைக் கப்பலுக்கே எத்தனை பேர் உட்கார்ந்து வரைகிறோம் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த வேகத்தை வெறும் தகவலாக என்னால் படிக்க முடியவில்லை.

கோபுரத்தின் எடை சுமார் 120 டன். ஒரு அங்குலத் தகடுகள் எட்டு அடுக்கு. அது தன் எடையாலேயே கீழே உள்ள வெண்கல வளையத்தில் அழுந்தி உட்காரும், தண்ணீர் புகாது. இதுதான் எரிக்சனின் கணக்கு. கப்பல் நியூயார்க்கை விட்டுக் கிளம்புமுன், தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து, யார்டு ஆட்கள் கோபுரத்தைத் தூக்கி அடியில் சணல் கயிற்றைத் திணித்தார்கள். கடலில் அலை அந்தச் சணலை அடித்துக்கொண்டு போனது, இடைவெளி வழியாகத் தண்ணீர் கொட்டியது. எப்படியோ போய்ச் சேர்ந்து, மார்ச் 9 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸில் தெற்கத்தியரின் இரும்புக் கப்பலான வர்ஜீனியாவைத் தடுத்து நிறுத்தியது. அந்த வருடம் டிசம்பர் 31 அன்று புயலில் மூழ்கி 16 பேர் இறந்தபோது, மறுபடி திணிக்கப்பட்ட சணலையே எரிக்சன் குற்றம் சொன்னார். கப்பலில் இருந்தவர்கள் வேறு காரணங்களும் சொன்னார்கள்.

சணல் வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் யார்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன். தகடுக்கு முட்டுக் கொடுக்கும் சட்டத்தின் மூலையில், தண்ணீர் வடிய ஒரு அரைவட்ட வெட்டு விடுவோம். நல்ல வெல்டர் ஒருவர் அதை வெட்டுப் பிழை என்று நினைத்து அழகாக நிரப்பிவிட்டார். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த வெட்டு எதற்கு என்று தாளில் எங்கும் எழுதப்படவில்லை, அளவு மட்டும்தான் இருந்தது. இப்போதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களில் 'நீர் வடிய, அடைக்க வேண்டாம்' என்று பக்கத்திலேயே எழுதுகிறேன். தாள் நெரிசலாகிறது என்று எங்கள் சீப் சொல்வார். சரி, நெரிசலாகட்டும் சார் என்பேன்.

மானிட்டர் மாதிரிக் கப்பல்கள் தனக்கும் வேண்டும் என்று ஸ்வீடன் முடிவு செய்தபோது, வரைபடங்களை மட்டும் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. தன் கடற்படை அதிகாரி ஒருவரையே அமெரிக்காவுக்கு அனுப்பி, எரிக்சனின் வேலையை நேரில் கற்றுவரச் செய்தது. நார்ச்சோப்பிங் நகரில் கட்டிய முதல் கப்பல் 1865-இல் தண்ணீரில் இறங்கியது. அதற்கு ஜான் எரிக்சன் என்றே பெயர் வைத்தார்கள். பழைய கேப்டன் தன் செலவில் இரண்டு 15 அங்குல பீரங்கிகளை அதற்கு அனுப்பி வைத்தார்.