பழைய மேப் கேட்டு வர்றவங்க

ஆவணக் காப்பகத்துல வேலை பாக்குறவங்களுக்கு இது சீக்கிரமே பிடிபட்டுடும், நிலத்துக்காகப் போராடுற கிராமத்து ஆளுங்க கூட்டமாத்தான் வருவாங்க, வந்ததும் பழைய மேப்பைத்தான் கேப்பாங்க. மேசைல விரிச்சா அதுல இருக்குற எழுத்தைப் பெரியவர் பாக்கவே மாட்டார், மேய்ச்சல் நில எல்லைக் கோட்டு மேலயே விரலை ஓட்டிட்டு வந்து ஓடை திரும்புற இடத்துல நிறுத்தி "இதுவரைக்கும் எங்களது"ம்பார். பின்னாடி நிக்குறவங்க போன்ல போட்டோ எடுத்துப்பாங்க.

இவங்களைப் பழமைவாதிங்க, முன்னேற்றம் பிடிக்காதவங்கன்னு ஈஸியா சொல்லிடுறாங்க, எனக்கு அது சுத்தமா ஒப்பல. 1377ல இங்கிலாந்து கிராமத்து ஜனங்க, 1086ல ராஜா எடுத்த டூம்ஸ்டேங்கற நிலக் கணக்கெடுப்போட நகலைக் கேட்டு வாங்கி, இதுப்படி நாங்க பண்ணைக்கு ஊழியம் செய்ய வேண்டியதில்லன்னு நின்னாங்க. கிட்டத்தட்ட 300 வருஷப் பழைய பதிவு! 1381ல நடந்த விவசாயிங்க கலகத்துல பண்ணைப் பதிவேடுகளை ஊர் ஊரா எரிச்சாங்க. 1875ல புனே பக்கம் சூப்பால ஆரம்பிச்ச தக்காணக் கலவரத்துலயும் விவசாயிங்க தேடிப் போனது வட்டிக்காரங்க வீட்ல இருந்த கடன் பத்திரத்தைத்தான். எந்தக் காகிதம் காப்பாத்தும், எது கழுத்தைப் பிடிக்கும்னு அவங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு.

அவங்க சொல்ற அந்தக் காலம் அவ்வளவு நல்லா இருந்திருக்காதுதான். ஆனா அப்படியே முழுசா வேணும்னு யாரு கேட்டாங்க? 1525ல ஜெர்மன் விவசாயிங்க எழுதின பன்னிரண்டு அம்சக் கோரிக்கைல, பறிச்ச ஊர்ப் பொது நிலத்தைத் திருப்பிக் குடுங்கன்னு இருக்கு, கூடவே பரம்பரையா வந்த பண்ணையடிமை முறை வேண்டாம்னும் இருக்கு.

என்னை ரொம்பப் பாதிச்சது மெக்சிகோ புரட்சில விவசாயிங்களுக்குத் தலைவரா இருந்த சபாட்டா. 1909ல அனெனெகுயில்கோ ஊர் சபைத் தலைவரானப்போ அவர் பொறுப்புக்கு வந்தது ஊரோட பழைய நிலப் பத்திரங்க. 1911ல அவர் தரப்பு வெளியிட்ட அயாலா திட்டம்ங்கற புரட்சி அறிக்கையோட 6வது பிரிவு, பத்திரம் வெச்சிருக்குற ஊருங்க பறிபோன நிலத்தை உடனே எடுத்துக்கலாம்னு சொல்லுது. 7வது பிரிவு அதோட நிக்கல, பெரும்பாலான ஜனங்களுக்கு மிதிக்கிற மண்ணைத் தவிர ஒண்ணுமே இல்லன்னு சொல்லி, பெரிய பண்ணைங்கள்ல மூணுல ஒரு பங்கை நஷ்டஈடு குடுத்து எடுத்து அவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கச் சொல்லுது.

அதைப் படிச்சதுலேர்ந்து வர்ற குழுக்கிட்ட ஒரு கேள்வி கேக்குறேன், பத்திரத்துல பேரே இல்லாதவங்க உங்க ஊர்ல யாரு, அவங்களும் வந்திருக்காங்களான்னு. சிலருக்குக் கோபம் வரும். சில குழு அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வரும், அப்போ நான் தேட வேண்டிய ஃபைலே வேற, கூலிப் பதிவேடு, குத்தகைக் கணக்குன்னு போகும்.