பெங்களூரில் ஒரு டீசல் எஸ்யூவி: பராமரிப்பு நாட்குறிப்பு

5 ஜூலை 2025, சனி

இன்று டெலிவரி. ரிப்பன், கேக், போட்டோ எல்லாம் முடிந்து ஷோரூம் வாசலைத் தாண்டியதும் முதலில் பார்க்க வேண்டியது டயர் காற்று. யார்டில் நாள்கணக்கில் நிற்கும்போது டயர் அமுங்கி வடிவம் கெடாமலிருக்கக் காற்றைக் கூடுதலாக அடித்து வைப்பார்கள். டெலிவரிக்கு முன் அதைக் குறைப்பது ஷோரூமின் வேலை. அது விட்டுப்போனால் 45 பிஎஸ்ஐயோடு வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் தூக்கிப் போடும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். வாங்கியவரோ சஸ்பென்ஷனே சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் பில்லரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. சாதாரண சுமைக்கு ஒரு எண், முழுச் சுமைக்கு ஒரு எண். இரண்டுமே குளிர்ந்த டயருக்கு உரியவை. அரை மணி நேரம் ஓடிய டயர் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும். "அண்ணே, நாலுக்கும் 35 அடிச்சுடட்டுமா?" என்று பஞ்சர் கடைத் தம்பி கேட்பார். ஸ்டிக்கரில் 33 என்றால் 33தான்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் படித்துவிடுங்கள். 1425 என்றால் 2025-இன் 14ஆவது வாரம். ஐந்து டயர்களிலும் இது சில வார இடைவெளிக்குள் இருக்க வேண்டும். ஸ்டெப்னி பல எஸ்யூவிகளில் ஒல்லியான டயர்தான். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அதற்குரிய காற்றளவும் வேறு.

இன்சூரன்ஸில் புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே வாங்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கானதை ஓராண்டுக்கு எடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பை இந்த ஊரில் விடவே கூடாது. காரணத்தை மழைக்காலத்தில் எழுதுகிறேன்.

ஆக்சஸரி கவுண்டரில் அடித்தளத்துக்குக் கோட்டிங் அடிக்கச் சொல்வார்கள். கடற்கரை ஊர்களில் அதற்கு அர்த்தம் உண்டு, பெங்களூரில் அவசரமில்லை. அடிப்பதானால் சைலன்சர் வரிசை, பிரேக், கதவுகளுக்கு அடியில் உள்ள வடிகால் துளைகள் ஆகியவற்றை மூடிவிட்டு அடிக்கிறார்களா என்று நின்று பாருங்கள். துளை அடைபட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும்.

20 ஜூலை 2025, ஞாயிறு

முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஆர்பிஎம்மை (இன்ஜின் சுற்றும் வேகத்தை) ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் நெடுநேரம் வேண்டாம். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கவும் வேண்டாம், உயர் கியரில் திணற விடவும் வேண்டாம். இது எல்லோரும் சொல்வது. பெங்களூர் டீசல்காரருக்கு இதைவிட முக்கியமானது டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் இந்த வடிகட்டி இருக்கிறது. கரித்துகள் வெளியே போகாமல் அதில் தங்கும். தங்கியதை அவ்வப்போது எரித்தாக வேண்டும். ஹைவேயில் புகையே நல்ல சூடாக இருப்பதால் பெரும்பகுதி தானாகவே எரிந்துவிடும். சில்க் போர்டு, டின் ஃபேக்டரி போன்ற நெரிசல் சந்திப்புகளில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. அப்போது கம்ப்யூட்டர், இன்ஜினுக்குள் டீசலைக் கொஞ்சம் தாமதமாக, கூடுதலாகச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குக் கொண்டுபோய்க் கரியை எரிக்கும். இதைத்தான் ரெஜென் என்கிறோம். பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் ஆகும்.

சிக்கல் என்னவென்றால், ரெஜென் ஓடுவதைப் பல வண்டிகள் டேஷ்போர்டில் காட்டுவதே இல்லை. நாமே கண்டுகொள்ள வேண்டும். ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், வழக்கமான 800 ஆர்பிஎம்மிலிருந்து 1,000 பக்கம் ஏறி நிற்கும். சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதி வேலை செய்யாது. மைலேஜ் திடீரென்று சரியும். வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றும், சூடான உலோக வாடை வரும். வீட்டு வாசலில் இந்த அறிகுறி தெரிந்தால் இன்ஜினை அணைக்காமல் இன்னும் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வருவதே நல்லது. பாதியில் அணைத்தால் அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கூடுதலாகச் செலுத்திய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

வாரம் ஒருமுறை வண்டிக்கு நல்ல ஓட்டம் கொடுங்கள். தென்பக்கத்தில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் தாண்டி அத்திப்பள்ளி வரை, வடபக்கத்தில் ஹெப்பாலிலிருந்து தேவனஹள்ளி வரை, மேற்கே என்றால் நைஸ் ரோடு. விடியற்காலையில் போனால் நிற்காமல் 20, 25 நிமிடம் கிடைக்கும். 60–80 கிலோமீட்டர் வேகமும் 2,000–2,500 ஆர்பிஎம்மும் போதும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: 70 கிலோமீட்டர் வேகத்தில் கியர்பாக்ஸ் டாப் கியருக்குப் போய் 1,400 ஆர்பிஎம்மில் உட்கார்ந்துகொள்ளும், புகை சூடாகாது. மேனுவல் மோடில் நான்காவது கியரில் பிடித்து வையுங்கள். டீசல் ரிசர்வில் இருந்தால் பல வண்டிகளில் ரெஜென் தொடங்காது என்பதால் கால் டேங்குக்குக் குறைய விடாதீர்கள்.

ஆரஞ்சு நிற டிபிஎஃப் விளக்கு வந்தால் அன்றே இந்த ஓட்டத்தைக் கொடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரியும், இழுவை குறையும். அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டித்தான் எரிக்க முடியும். அதுவும் முடியாமல் போனால் வடிகட்டியையே மாற்ற வேண்டியதுதான். அந்தச் செலவைப் பார்க்கும்போது வாரத்துக்கு அரை மணி நேர டீசல் ஒன்றுமே இல்லை. ஜேசி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் கிளீனர் பாட்டிலை டேங்கில் ஊற்றுவதால் இந்த ஓட்டம் மிச்சமாகாது. சூடு இல்லாமல் கரி எரியாது. ஓட்டம் முடிந்த கையோடு காய்ந்த புல், சருகுகளின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

சன்ரூஃப் ஒழுகுகிறது என்பவர்களில் பலருக்கு ரப்பரில் குறை இருக்காது. சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்கானது அல்ல; தாண்டி வருவதை ஒரு பள்ளம் பிடித்து, மூலைகளில் உள்ள குழாய்கள் வழியே கீழே அனுப்பும். முன் குழாய்கள் கண்ணாடிப் பக்கத்துப் பில்லர் வழியாகவும், பின் குழாய்கள் பின் பில்லர் வழியாகவும் இறங்கும். இந்த ஊரில் பாதித் தெருக்களில் குல்மொகர் மரம். அதன் பொடி இலை எந்த இடுக்கிலும் நுழையும், நனைந்து களிம்பாகிக் குழாயை அடைக்கும்.

சோதிப்பது எளிது. சன்ரூஃபைத் திறந்து ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன் மூலைகளில் ஊற்றியது சில நொடிகளில் முன் சக்கரத்தின் பின்புறமோ கதவுக் கீல் அருகிலோ சொட்ட வேண்டும், பின் மூலைகளில் ஊற்றியது வண்டியின் பின்பக்கம் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால், புல்வெட்டி மெஷினில் போடும் நைலான் நரம்பை நுனி மழுக்கி மெதுவாக உள்ளே விடலாம். கம்ப்ரஸர் காற்றை மட்டும் அடிக்காதீர்கள். குழாய் உள்ளே கழன்றுகொண்டால் சீலிங்கையே இறக்க வேண்டியிருக்கும், தண்ணீர் டேஷ்போர்டு ஒயரிங்கில் இறங்கும்.

வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடையையும் இதே கையோடு துடையுங்கள். ஏசிக்குக் காற்று போகும் வழி அது.

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஆட்ப்ளூ பற்றிச் சுருக்கமாக. டீசல் புகையின் நச்சு வாயுவைக் குறைக்கச் சில வண்டிகளில் தனி டேங்கில் ஊற்றும் திரவம் இது. 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். நீல மூடி உள்ள வாயில்தான் ஊற்ற வேண்டும். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை டோ செய்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்தால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போகும். அளவு குறைவதை வண்டி முன்கூட்டியே எச்சரிக்கும். முழுக்கத் தீர்ந்து வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வாங்கும்போது கேனில் ஐஎஸ்ஓ 22241 என்ற எண்ணையும் தேதியையும் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த கேன் வேண்டாம், சூட்டில் யூரியா கெடும். சிந்தினால் வெள்ளை உப்பாகப் படியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

உயரமான வண்டி என்ற தைரியம்தான் மழையில் ஆபத்து. 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் கல்லுக்கும் மேட்டுக்கும் உதவும். தண்ணீரில் முக்கியமானது இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்பது. பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் குழாயைத் தொடர்ந்து போனால் தெரியும். பல வண்டிகளில் கிரில்லின் மேல் விளிம்புக்குப் பின்னால் இருக்கும். எதிரே பஸ் வந்தால் எழும் அலை அதைத் தொட்டுவிடும். தண்ணீர் சக்கரத்தின் நடுமையத்தைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். அண்டர்பாஸில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். நகரின் நடுவில், பட்டப்பகலில் நடந்தது அது. தண்ணீர் தேங்கிய அண்டர்பாஸுக்குள் எந்த வண்டியையும் இறக்காதீர்கள்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசி பொதுவாக இந்தச் சேதத்தை ஏற்காது. இன்ஜின் புரொடெக்ட் தேவைப்படுவது இதற்குத்தான். அதை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தாலும் கிளெய்ம் சிக்கலாகும். முதலில் கண்ணாடியை இறக்குங்கள், சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள். பிறகு டோ வண்டியைக் கூப்பிடலாம். பத்திரமாகக் கடந்து வந்திருந்தால், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பலமுறை மிதித்து டிஸ்க்கைக் காய வையுங்கள்.

1 அக்டோபர் 2025, புதன்

ஆயுத பூஜை. வண்டி கழுவாமல் பூஜை இல்லை. ஆனால் 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது குடிநீரில் கார் கழுவக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் மறுபடியும் அதே தடை. போர்வெல் தண்ணீரோ கடினம். வெயிலில் காய்ந்தால் பெயிண்டில் வெள்ளை வட்டங்கள் விழும். ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீர் அதைவிட மோசம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

ஐந்து லிட்டரில் முழு எஸ்யூவியையும் துடைக்கலாம். தண்ணீர் விட்டு அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் ஷாம்பூவைப் பாட்டிலில் சொன்ன அளவு கலந்து, ஆறேழு மைக்ரோஃபைபர் துணிகளை ஊற வையுங்கள். நிழலில், மேலிருந்து கீழாக, ஒரு பகுதிக்குத் துணியின் ஒரு மடிப்பு. அழுக்கான மடிப்பை மறுபடி பெயிண்டில் வைக்கக் கூடாது; சுழல் கீறல்கள் வருவதே அதனால்தான். ஒவ்வொரு பகுதியையும் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சேறு அப்பியிருந்தால் மட்டும் முதலில் தண்ணீர் அடித்து இறக்க வேண்டும்.

மஞ்சள், சந்தனம், குங்குமத்தைக் கண்ணாடியில் வைத்தால் நல்லது. பெயிண்டில் வைத்தால் அன்று மாலையே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள், வெள்ளை வண்டியில் மஞ்சள் கறை பிடிக்கும். முன்னால் வாழைக்கன்றும் மாலையும் கட்டியபடி ஓட்ட வேண்டாம். ஏடாஸ் என்ற ஓட்டுநர் உதவி வசதி உள்ள வண்டிகளில் ரேடார் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. அது மறைந்தால் எச்சரிக்கை வரும், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி வேலை செய்யாது. பூசணிக்காய் உடைத்தால் ஒரு துண்டுகூட ரோட்டில் கிடக்கக் கூடாது. பைக்கில் வருபவர் சறுக்கி விழுவார்.

18 அக்டோபர் 2025, சனி

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் வண்டிகளுக்கு: ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் ஸ்டிக்கரில் உள்ள முழுச் சுமைக் காற்று. பின்பக்கம் தாழ்வதால் ஹெட்லைட் மேலே அடிக்கும். டேஷ்போர்டில் உள்ள லெவலிங் திருகை 2 அல்லது 3-க்கு மாற்றுங்கள். கிருஷ்ணகிரி வழியே எதிரே வருபவர்களின் கண் கூசாது.

கிளம்புமுன் டிப்ஸ்டிக் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விட்டு, ஒருமுறை துடைத்துச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். டிபிஎஃப் வண்டியில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். குச்சியில் கோடு மேல் குறியைத் தாண்டியிருந்து, விரலில் தேய்த்தால் தண்ணீராக வழுக்கி, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால், பாதியில் நின்ற ரெஜென்களின் டீசல் ஆயிலில் சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட ஆயிலோடு நெடும்பயணம் போகக் கூடாது. அது பேரிங்கைக் காப்பாற்றாது. மிக அதிகமானால் பிரீதர் என்ற ஆவிக் குழாய் வழியே உறிஞ்சப்பட்டு இன்ஜின் கட்டுப்பாடின்றி ஓடவும் வாய்ப்புண்டு. கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டால் அளவு குறையுமே தவிர மீதி கெட்டதாகவே இருக்கும். முழுக்க மாற்றி, ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

மாற்றும்போது பாகுத்தன்மை எண்ணோடு தர எண்ணையும் மேனுவலில் ஒப்பிடுங்கள். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான், பெரும்பாலும் ஐரோப்பியத் தர எண்ணான ஏசிஇஏ சி2 அல்லது சி3. கரி எரிந்துவிடும், ஆயில் விடும் சாம்பல் எரியாது, வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கும். மேனுவலின் பின்பகுதியில் கடும் பயன்பாடு என்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய ஓட்டமும் நெடுநேர ஐடிலிங்கும் அந்தப் பட்டியலில் வரும். பெங்களூரில் ஆபீஸுக்கு மட்டும் ஓடும் டீசல் வண்டி முழுக்க அந்த அட்டவணைக்கு உரியது. 10,000 கிலோமீட்டர் என்று காத்திருக்காமல் 5,000-இல் ஆயில் மாற்றுவது சரியான செலவு.

9 நவம்பர் 2025, ஞாயிறு

குளிர் தொடங்கியதும் எலிகள் சூடான இன்ஜின் தேடி வரும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்திலும் இன்ஜின் மூடியின் மேலும் புழுக்கை, நார், கொறித்த பஞ்சு கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் துடைத்து வாடையைப் போக்க வேண்டும், அந்த வாடைதான் அடுத்த எலியையும் வரவழைக்கும். அந்துருண்டை போடாதீர்கள், ஏசி வழியாக அந்த நெடி உள்ளே இருப்பவர்களுக்குத்தான் வரும். ஏசி காற்று வழிக்கு மெல்லிய கம்பி வலை பொருத்துவது பலன் தரும்.

டேஷ்கேமை பார்க்கிங் மோடில் விட்டு ஊருக்குப் போனால் பேட்டரி இறங்கிவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நலம், 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது, நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் உள்ள வண்டிகளில் கறுப்பு கிளிப்பை அந்த முனையில் மாட்டக் கூடாது. பாடியில் பெயிண்ட் இல்லாத போல்ட்டில் மாட்டுங்கள்.