ரயில்வேடவுன் வீடுகளில் தூசியோடு வேலை

நியூ சவுத் வேல்ஸின் மேற்கு ஓரத்தில், சிட்னியிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது புரோக்கன் ஹில். 1883இல் சார்லஸ் ராஸ்ப் அங்குள்ள குன்றில் அடையாளம் கண்ட வெள்ளி, ஈய, துத்தநாகப் படிவத்தால் உண்டான ஊர். அதற்குள் ஒரு சிறிய குடியிருப்புப் பகுதி ரயில்வேடவுன். 1888 முதல் 1970 வரை தாதுவை எல்லை தாண்டித் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய சில்வர்டன் டிராம்வே என்ற தனியார் ரயில் பாதையின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. ஊர்க் கடிகாரமும் இன்றுவரை தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தையே காட்டுகிறது. சிட்னியில் சாமான் சொல்லிவைப்பவர் அந்த அரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தூசி மேலே சேர்ந்து கீழே இறங்குகிறது என்பதை. எனவே வேலையும் மேலிருந்தே தொடங்க வேண்டும். தரையைப் பளபளவென்று துடைத்துவிட்டுச் சீலிங்கை அப்படியே விட்டால், ஒரு காற்று நாளிலேயே உழைப்பு வீணாகிவிடும். இந்த ஊர்த் தூசியில் சுரங்கத்தின் நச்சு ஈயம் கலந்திருக்கிறது என்பதுதான் சிக்கல். மண்ணில் ஈயம் சுரங்கக் குன்றுக்கு அருகில் அதிகம், விலக விலகக் குறைவு. அதற்காக ஊரின் எந்தத் தெருவையும் ஈயமில்லாத இடம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

வீடுகளின் கட்டுமானமும் தூசிக்கு வசதியானது. மரச்சட்டம், வெளியே நெளிதகரம், உள்ளே பூச்சு அல்லது அச்சுத் தகட்டு (வடிவம் அழுத்திய உலோகத் தகடு) சீலிங். தகரத்தின் நெளிவுகள் வழியாகக் கூரைக்குள் புகுந்த நுண்தூசி பல பத்தாண்டுகளாக அங்கேயே தங்கியிருக்கிறது. அச்சுத் தகட்டின் இணைப்புகளிலும், சுவரும் சீலிங்கும் சேரும் இடத்திலும் விழுந்த மெல்லிய இடுக்குகள் போதும், அது அறைக்குள் இறங்கிவிடும். ஒரு விளக்குக்காகச் சீலிங்கில் துளை போடுகிறவர்தான் பெரும்பாலும் பெரிய சேதத்தைச் செய்கிறார். துளை வழியாகக் கொட்டுவது சாதாரண அழுக்கு அல்ல.

சீலிங் தூசியை எடுப்பதற்கு முன் கீழே அறைகளைக் காலி செய்ய வேண்டும், முடியாவிட்டால் கனமான பிளாஸ்டிக் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்ட வேண்டும். இடுக்குகளைக் கீழிருந்தே அடைக்க வேண்டும். மின்சாரத்தை மெயினில் நிறுத்த வேண்டும். பழைய ஒயர்களின் உறை கை பட்டாலே உதிரக்கூடும். கூரை ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் பலகை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்றவரை அழைக்க வேண்டும். சாத்தியமான வீடுகளில் ஒரு கூரைத் தகட்டைக் கழற்றி வெளியிலிருந்து உள்ளே போவது நல்லது. அப்போது அழுக்கு மூட்டை வீட்டுக்குள் வராது. உத்தரங்களின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும், சீலிங் ஆள் எடையைத் தாங்காது. ஹெப்பா எனும் நுண்தூசி வடிகட்டி உள்ள வாக்கூம், பி2 தரத்திலோ அதற்கு மேலோ உள்ள நுண்தூசி முகக்கவசம், ஒருமுறை மட்டும் அணியும் உடை ஆகியவை கட்டாயம். வீட்டு வாக்கூம் பெரிய துகளை மட்டும் பிடித்து, நுண்ணியதைப் பின்பக்கமாக ஊதிவிடும். கோடையில் கூரைக்குள் நிற்கவே முடியாத சூடு, ஆகவே விடியற்காலையில் ஏறி வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். காற்று வீசும் நாளில் தகட்டைக் கழற்றவே கூடாது.

பிறகுதான் அறைகள். உலர்ந்த துடைப்பம் இந்த ஊரில் எதிரி. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலசச் சுத்தத் தண்ணீர். ஒவ்வொரு அறைக்கும் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முதல் அறையின் ஈயம் கடைசி அறைக்குப் போகும். ஜன்னல் சட்டம் சறுக்கும் பள்ளத்தை யாரும் நினைப்பதில்லை, தூசி அங்கேதான் தடிமனாகப் படிகிறது, குழந்தையின் கையும் அங்கேதான் போகிறது. பழைய கார்ப்பெட்டைத் துவைத்துப் பயனில்லை. தண்ணீரைச் சாரலாகத் தெளித்து, பட்டைகளாக வெட்டி, தூசிப் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, பிளாஸ்டிக்கில் கட்டி வெளியேற்ற வேண்டும். 1970க்கு முந்தைய பெயிண்ட்டிலும் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது பெரிய தவறு, நனைத்தே சுரண்ட வேண்டும்.

நீர் ஆவியாவதால் குளிர்விக்கும் குளிர்விப்பான்கள் இங்கே பல கூரைகளில் உண்டு. அவை வெளிக்காற்றை ஈரமான பட்டைகள் வழியாக உள்ளே தள்ளுகின்றன. பட்டையில் உப்பு படிந்து காய்ந்த திட்டுகள் உண்டானால், அந்த வழியே தூசி தடையில்லாமல் வரும். கூரைக்குள் ஓடும் காற்றுக்குழாயில் கிழிசல் இருந்தால் இன்னும் மோசம்: கசியும் காற்று சீலிங் தூசியைக் கிளப்பி இடுக்குகள் வழியாக அறைக்குள் ஊதும். பருவம் தொடங்குமுன் குழாய் இணைப்புகளைத் தடவிப் பார்ப்பதும், புழுதிக்காற்று நாளில் இயந்திரத்தை நிறுத்துவதும் பழக்கமாக வேண்டும்.

ஊருக்கு வெளியேயும் தூசிக்கு ஒரு வேலி இருக்கிறது. 1936இல் தாவர ஆர்வலர் ஆல்பர்ட் மோரிஸ் தொடங்கிய திட்டத்தில் நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, ஆடுமாடுகளையும் முயல்களையும் தடுத்தார்கள். மழை பெய்ததும் அந்த மண்ணின் செடிகள் தாமாகவே எழுந்தன. அதன் பயனை இன்றும் ஊர் அனுபவிக்கிறது. வறண்ட ஊரில் நீர் ஊற்றாமல் தூசியை அடக்கிய இந்த வேலைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தாலும் தகும்.

முற்றத்தில் செய்ய வேண்டியது வெற்று மண்ணை மூடுவதுதான். ஆஸ்திரேலியாவில் வீட்டு மண்ணுக்கான ஈய வழிகாட்டு அளவு கிலோவுக்கு 300 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்தால் நீர் ஊடுருவும் துணி விரித்து, மேலே தூய மண்ணோ சரளையோ பரப்ப வேண்டும். குழந்தைகளுக்கு மூடியுள்ள மணல் தொட்டி, காய்கறிக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த தூய மண் நிரப்பிய உயர்ந்த பாத்தி. கூரை மழைநீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது. ஊரின் குடிநீர் 2019 முதல் வென்ட்வொர்த்திலிருந்து முர்ரே ஆற்றுக் குழாய் வழியாக வருகிறது. சிறு குழந்தைகளுக்கு இரத்த ஈயப் பரிசோதனை 1991 முதல் நடக்கிறது, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். கோழி வளர்க்கும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிளறித் தின்னும் மண்ணின் ஈயம் முட்டைக்கு வந்துவிடுகிறது, ஆகவே கூண்டின் தரையை மூடி, தீவனத்தைத் தட்டில்தான் வைக்க வேண்டும்.