செ.மீ. கணக்கு

1988 கடைசியில் மதுரையில் ஒரு நாளிதழில் பயிற்சி உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டது. 1989 ஜனவரி 21 வாக்குப்பதிவு. எம்.ஜி.ஆர். இறந்து ஓராண்டு கடந்திருந்தது. அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. தி.மு.க. ஒரு பக்கம், மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் இன்னொரு பக்கம். வாக்காளர்களுக்கு இருந்ததைவிட, செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போடும் எங்கள் டெஸ்க்கில் குழப்பம் அதிகம். அதுவரை யாரைத் தூக்குவது, யாரை இறக்குவது என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருந்த கணக்கு. இப்போது நான்கு பேர்.

‘முதலாளி யார் பக்கம்?’ என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வரும். “அண்ணே, இந்த போட்டோ எத்தனை காலம்?” காலம் என்றால் பக்கத்தில் ஒரு பத்தியின் அகலம். சீஃப் சப், அதாவது தலைமை உதவி ஆசிரியர், இரண்டு விரலைக் காட்டினால் ஒரு பதில், நான்கு விரலைக் காட்டினால் இன்னொரு பதில். அந்தத் தேர்தலுக்காக ராஜீவ் காந்தி திரும்பத் திரும்பத் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் நான்கு விரல். சரி, நாம் காங்கிரஸ் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. முடிவு வந்தபோது தி.மு.க. 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்திருந்தது. அன்று இரவு கருணாநிதியின் படம் எத்தனை காலம் என்று நான் கேட்கவே இல்லை, சீஃப் சப்பே ஐந்து விரலையும் காட்டினார்.

தலையங்கத்தில் இதில் எதுவும் இருக்காது. வாக்குப்பதிவு நாளன்று தலையங்கம் ஜனநாயகக் கடமையைப் பற்றிப் பேசும், நல்லவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், பணத்துக்கு ஓட்டை விற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும். அர்ச்சகர் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கொடுக்கிற விபூதி மாதிரி. அதை எழுதுகிற பெரியவர் மாலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு டவுன் பஸ் பிடித்துப் போய்விடுவார். உண்மையான தலையங்கத்தை அதற்குப் பிறகு நாங்கள் இரவு முழுக்க எழுதுவோம்.

அதற்கு எங்களிடம் இருந்த ஆயுதம் வினைச்சொல். ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ என்பவை தண்ணீர். ‘குற்றம்சாட்டினார்’ என்பதில் லேசாக உப்பு. ‘சாடினார்’ என்றால் சொன்னவர் பலசாலி. ‘முழங்கினார்’ என்றால் அவர் நம் ஆள். ‘புலம்பினார்’ என்றால் எதிராள். ஒரே நாளில் இரண்டு தலைவர்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைப் பேசியிருப்பார்கள். ஒருவர் முழங்குவார், இன்னொருவர் புலம்புவார். கூட்டமும் அப்படித்தான். ஒருவருக்கு ‘மக்கள் வெள்ளம்’. இன்னொருவருடையது ‘கூட்டம் நடந்தது’. நிருபர் ‘கூறினார்’ என்று அனுப்பிய மேட்டரில் அதை அடித்துவிட்டு ‘புலம்பல்’ என்று தலைப்புப் போட்டவன் நான்தான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நல்ல தலைப்பு என்று சீஃப் சப் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தேர்தல் முடிந்த வாரம் ஒரு அஞ்சலட்டை வந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். எழுதியவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். எங்கள் பத்திரிகையை ஒரு மாதம் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். ஒவ்வொரு கட்சிக்கும் செய்தி எத்தனை செ.மீ., படம் எத்தனை செ.மீ. என்று பொடி எழுத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தார். கீழே ஒரே வரி, ‘தங்கள் கவனத்துக்கு’. திட்டு இல்லை, புகார் இல்லை. அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தோம். இரண்டு நாள் கழித்து, யாரும் இல்லாத மதிய நேரத்தில், ஒரு நாள் பேப்பரை எடுத்து நானும் அளந்து பார்த்தேன். அவர் கணக்கில் அரை செ.மீ.தான் பிசகியிருந்தது.

அப்புறமும் தேர்தல்களுக்குக் கார்டு வந்தது. 1991, 1996, 1998, 1999, 2001. அதை வாசகர் கடிதம் பகுதிக்குக் கொடுக்காமல் என் மேசை டிராயரில் போட்டு வைத்தேன். பிரசுரிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

1997 மார்ச்சில் ஓர் இரவு. செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பியில் லண்டனிலிருந்து ஒரு செய்தி. ‘தி சன்’ நாளிதழ் தொழிற்கட்சித் தலைவர் டோனி பிளேரை ஆதரிப்பதாக முதல் பக்கத்திலேயே அறிவித்திருக்கிறது. 1992இல் கன்சர்வேட்டிவ் கட்சி ஜெயித்ததும் ‘ஜெயிக்க வைத்ததே நாங்கள்தான்’ என்று மார்தட்டிய அதே பத்திரிகை. மொழிபெயர்த்துக் கொடுத்தேன். சீஃப் சப் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“இவருக்கு ஓட்டுப் போடுங்கன்னு அப்படியே போட்டுட்டானாப்பா?”

“ஆமாண்ணே.”

“நாளைக்கு அந்த ஆளு தோத்துட்டா?”

எங்கள் தொழிலின் மொத்தப் பயமும் அந்தக் கேள்வியில் இருந்தது. அங்கே கட்சி தோற்றால் பத்திரிகைக்குக் கொஞ்சம் தலைகுனிவு, அவ்வளவுதான். இங்கே தோற்ற பக்கத்தில் நின்றால் அரசு விளம்பரம் நின்றுபோகும், டெண்டர் அறிவிப்பு வராது. சின்னப் பத்திரிகைக்கு அதுதான் சம்பளப் பணம். அதனால் சொல்லாமல் ஆதரிப்பது, தேவைப்பட்டால் மறுநாளே சொல்லாமல் விலகுவது. எழுதிக் கொடுக்காத வாக்கை மீறினாய் என்று யாரும் கேட்க முடியாது அல்லவா?

2006 தேர்தலுக்கு முன்பு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டுத் தேர்தல்களை நம் பத்திரிகை எப்படிப் பதிவு செய்தது என்று ஒரு சிறப்பு மலர், பழைய தலையங்கங்களைத் தேடி எடுங்கள் என்றார். நூலக அறையில் பைண்டு செய்த தொகுதிகளோடு மூன்று வாரம் உட்கார்ந்தேன். பதினேழு ஆண்டு வேலையில் கற்றதைவிட அந்த மூன்று வாரத்தில் அதிகம் கற்றேன்.

1967 பிப்ரவரியில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வின் வாக்குறுதியைச் சின்னப்பிள்ளைத்தனம் என்கிற தொனியில் எழுதியிருந்தோம். விருதுநகரில் காமராஜரே தோற்றார். அந்த அதிர்ச்சி அடுத்த நாள் தலையங்கத்தில் தெரியும் என்று பக்கத்தைப் புரட்டினால், மக்கள் மாற்றத்தை விரும்பியதை நாம் முன்பே உணர்ந்திருந்தோம் என்று இருந்தது! முன்பே எங்கே உணர்ந்தோம் என்று ஒரு மாதத் தாள்களைத் திரும்பவும் புரட்டினேன். எங்கேயும் இல்லை. சில மாதம் கழித்து, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் வந்தபோது அதைப் பாராட்டி இன்னொன்று.

நெருக்கடி நிலைத் தொகுதிதான் வேடிக்கை. 1975 ஜூன் 28 அன்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. எங்கள் தொகுதியில் அந்த வாரம் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு பற்றி ஒரு தலையங்கம் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருந்தார்கள், உரம் வைக்கும் முறைகூட இருந்தது. 1976 ஜனவரி 31 தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு தணிக்கை இறுகியது. மிசா சட்டத்தில் யார் யார் கைதானார்கள் என்று எழுத முடியாது. தி.மு.க.வின் ‘முரசொலி’ என்ன செய்தது? அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்று, அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் போட்டது. படித்தவர்களுக்குப் புரிந்தது. கட்சிப் பத்திரிகை என்று எங்கள் டெஸ்க்கில் இளக்காரமாகப் பேசுவோம். கட்சிப் பத்திரிகையை வாங்குகிறவனுக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரியும். எங்களை வாங்கியவர்களுக்கு அது தெரியாது. நடுநிலை என்று நாங்களே சொல்லி விற்றோம்.

1977 மார்ச் இன்னும் தர்மசங்கடம். நாடு இந்திராவைத் தோற்கடித்தது, தமிழ்நாடு காங்கிரஸ்–அ.தி.மு.க. அணியை ஜெயிக்க வைத்தது. ஜனநாயகம் மீண்டது என்று கொண்டாடுவதா, நம் ஊர்க்காரர்களின் தீர்ப்பை மெச்சுவதா? இரண்டையும் ஒரே தலையங்கத்தில் செய்திருந்தார்கள். முதல் பத்தி டெல்லிக்கு, இரண்டாவது சென்னைக்கு. நடுவில் ‘இது நிற்க’ என்று ஒரு பாலம். எழுதியது அந்தப் பெரியவர்தானா என்று தெரியாது, ஆனால் அந்த ‘இது நிற்க’வை எங்கு பார்த்தாலும் அடையாளம் காண்பேன்.

14 தலையங்கங்களை எடுத்துக் கொடுத்தேன். மலர் வந்தபோது அதில் நான்குதான் இருந்தன. 1967 இல்லை, வண்டு இல்லை. மிச்ச இடத்தில் தலைவர்களின் பழைய படங்கள், விளம்பரங்கள். நான் போய்க் கேட்கவில்லை. பாரதியார் ‘சுதேசமித்திரன்’ போக்கு போதாது என்று 1906இல் ‘இந்தியா’ வார இதழ் பக்கம் போனதையும், 1920இல் அதே மித்திரனுக்கே திரும்பி வந்ததையும் சீஃப் சப் அடிக்கடி சொல்வார், எங்களைப் போன்றவர்களைத் தேற்றுவதற்கு. எனக்குப் போகிற தைரியம் இருந்ததில்லை. அதனால் திரும்பி வரவும் வேண்டியிருக்கவில்லை.

2009 நாடாளுமன்றத் தேர்தலில் வேறொன்று வந்துவிட்டது. நாடு முழுக்கக் காசு வாங்கிச் செய்தி போட்ட கதை வெளிவந்து, பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கும் பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் குழு போட்டது. அவர்கள் எழுதிய 71 பக்க அறிக்கையை முழுதாக வெளியிடாமல் முதலில் சுருக்கத்தை மட்டும்தான் கவுன்சில் வெளியிட்டது. எங்கள் பத்திரிகையிலும் அந்தத் தேர்தலின்போது விளம்பரப் பிரிவிலிருந்து சில பக்கங்கள் நேராக வந்தன. எழுத்துரு எங்களுடையது, தலைப்பு நடை எங்களுடையது, ‘முழங்கினார்’ வரைக்கும் எங்களுடையது. டெஸ்க் அதைத் தொடவில்லை. எங்கள் இருபது வருட வினைச்சொற்களை விளம்பரப் பிரிவுக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு போய் விலை வைத்துவிட்டார்கள். கோபப்பட எனக்கு என்ன தகுதி? நாங்கள் இலவசமாகச் செய்தோம், அவ்வளவுதான்.

அந்த மே மாதக் கடைசியில் அருப்புக்கோட்டைக் கார்டு வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. முதல் தடவையாகக் கட்டம் பாதியில் நின்றிருந்தது. 7ஆம் பக்கத்தில் வந்திருப்பதைச் செய்தியில் சேர்ப்பதா, விளம்பரத்தில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. தெரிவித்தால் கூட்டலை முடித்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். இந்த முறை சாதாரண கார்டு இல்லை, பதில் கார்டு. மறுபாதியில் தன் முகவரியை அவரே எழுதி அனுப்பியிருந்தார்.

அந்த மறுபாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.